பென்னாகரம் கோட்டையும் ஒரு சாவியும்

தமிழ்ல சரித்திரக் கதை எழுத உட்கார்றவனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆலமரம். ஒரு பக்கம் கல்கி, இன்னொரு பக்கம் சாண்டில்யன். நடுவுல நம்ம துளசிச் செடி எங்க முளைக்கிறது? அதனால சோழன், பல்லவன், கடல், கப்பல் எதுவும் வேண்டாம், எங்க ஊர்ப் பக்கமே ஒரு கதையைப் பிடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணினேன்.

எங்க ஊர்னா தர்மபுரி. வெளியூர்க்காரங்களுக்கு அதியமான், ஔவையார், நெல்லிக்கனி, அதுக்கப்புறம் நேரா ஒகேனக்கல். நடுவுல இருக்கிற ரெண்டாயிரம் வருஷத்துல இங்க யாருமே குடியிருக்கலைங்கிற மாதிரிதான் பேசுவாங்க. ஆனா 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில இந்தச் சீமைக்குப் பாரமகால்னு பேரு. மைசூருக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவுல இருக்கிற வாசப்படி மாதிரி. ஹைதர் அலி இறங்கினாலும் இந்த வழி, கும்பினிக்காரன் ஏறினாலும் இந்த வழி. வாசப்படியில உட்கார்ந்திருக்கிறவனைத்தானே போறவன் வர்றவன் எல்லாம் மிதிச்சுட்டுப் போவான்!

கதை இதுதான். வருஷம் 1791. பென்னாகரம் கோட்டை. உள்ளே திப்புவோட ஆட்கள். கோட்டை கில்லேதாருக்கு ஒரு தங்கச்சி, கைம்பெண். கோட்டைக்குள்ள ஒரு நிலவறை. அதுல பல வருஷத்துக்கு முன்னாடி பிடிபட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், இப்ப வாலிபன். அவனுக்குக் களி போடுற வேலையும் அந்த அறையோட சாவியும் இவகிட்ட. இவளுக்கு அந்த வேலை பிடிக்கலை. பிடிக்காத வேலையைப் பிடிக்காமலே செய்யிறா, கொஞ்சங் கொஞ்சமா அவனையும் பிடிச்சுப் போகுது. அந்த வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரத்தைத் தாக்கிப் பிடிக்கிறார் (இது நிஜமா நடந்தது). இப்ப அவன் முன்னாள் கைதி, இவ கைதி. அவன் ஜெயிச்ச பக்கத்தோட நிக்கிறான், அதே அறை, அதே சாவி, இந்தத் தடவை அவன் கையில. எப்படி? எனக்கே புல்லரிச்சுது. ரெண்டு நாள் சாப்பாடு கூட ஒழுங்கா இறங்கலைன்னா பார்த்துக்குங்க :-)

மூணு அத்தியாயம் எழுதி வீட்டம்மாகிட்டப் படிக்கக் கொடுத்தேன். அவங்க எதையும் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவுல நின்னுக்கிட்டேதான் படிப்பாங்க. படிச்சு முடிச்சுட்டு, "ஏங்க, சாவி இவ இடுப்புலதானே இருக்கு?"

"ஆமா."

"மூணு அத்தியாயமா பாவம் பாவம்னு அழுவுறா. ஒரு ராத்திரி திறந்து விட்டுட்டா கதை முடிஞ்சுது. ஏன் விடல?"

"அண்ணங்காரன் வெட்டிப் போட்டுடுவான்ல."

"அப்ப இவளும் கைதிதானே? அதை விட்டுட்டு காவக்காரி காவக்காரின்னு ஏன் எழுதறீங்க?"

குக்கர் விசில் அடிச்சுது, அவங்க போயிட்டாங்க. எனக்கு அதுக்கப்புறம் நாலாவது அத்தியாயம் நகரவே இல்ல.

இந்த மாதிரிக் கதைகள்ல ஒரு சூத்திரம் உண்டு. சிறை வெச்சவன் கெட்டவனா இருக்கக் கூடாது, ஆனா சிறையும் வேணும். அதுக்குத்தான் அந்த 'மனசில்லாத' காவல். 'எனக்கு இஷ்டமில்ல, ஆனா என்ன பண்றது, கடமை, கட்டளை, அண்ணன், அரசன்.' அந்த மனசில்லாமைதான் காதலுக்கு விடுற பாதை. வாசிக்கிற நமக்கும் அதுல ஒரு சுகம் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். பூட்டின கதவுக்குப் பின்னாடி நடக்கிற காதல்ல ஊர் உலகம் தலையிடாது, சாதகம் பார்க்க வேண்டாம், சீர்வரிசை பேச வேண்டாம். தப்பிச்சுப் போக முடியாத ஒருத்தர் நம்மளை விரும்புறாங்கன்னு நினைச்சுக்கிறதுல மனுசனுக்கு அப்படி ஒரு ஆசை!

நம்ம பாஷையில இதுக்கு வயசு அதிகம். காலேஜ்ல கலிங்கத்துப்பரணி பாடமா இருந்தப்ப எங்களுக்குக் கடை திறப்புன்னா ஒரே குஷி. வாத்தியார் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிச்சுப் போயிடுவார், நாங்க ஹாஸ்டல்ல உட்கார்ந்து படிப்போம். போருக்குப் போன வீரன் திரும்பி வர நேரமாச்சு, பொண்டாட்டி ஊடல்ல கதவைச் சாத்திட்டா, புலவர் வெளிய நின்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு 'திறங்கம்மா, திறங்கம்மா'ங்கிறார். பரணியில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

இந்தக் கதைக்காகத் திரும்ப எடுத்துப் படிச்சப்ப வேற ரெண்டு பாட்டு கண்ணுல பட்டுது. அதுல ஒண்ணுல புலவர் கூப்பிடுற பொண்ணுங்க பாண்டிய நாட்டுப் பொண்ணுங்க. பாண்டியன் தோத்துக் காட்டுக்கு ஓடிட்டான், அதனால வேளத்துக்கு வந்து சேர்ந்தவங்க. இன்னொண்ணுல மலைநாட்டுப் பொண்ணுங்க, துளுநாட்டுப் பொண்ணுங்க. அவங்க குலோத்துங்கனுக்குத் திறையா வந்தவங்க. திறைன்னா கப்பம். யானை, பொன், முத்து, அந்த வரிசையில இவங்க. இன்னொரு பாட்டுல கருநாட்டுப் பொண்ணுங்க பாதி வடுகும் பாதி தமிழுமா குழறிப் பேசுறது எவ்வளவு அழகுன்னு சொக்கிப் போறார் ஜெயங்கொண்டார். பிடிச்சுட்டு வந்து வருஷக்கணக்கா வெச்சிருந்தா மொழி அப்படித்தானே கலக்கும்?

வேளம்னா சோழ அரண்மனையைச் சார்ந்த பெண்கள் குடியிருப்பு. தோத்த நாட்டுலேர்ந்து கொண்டு வந்தவங்களை அங்கதான் வெப்பாங்க. கல்வெட்டுல 'வேளத்துப் பெண்டாட்டி'ன்னு வருது. பெண்டாட்டின்னா இன்னிக்கு நாம சொல்ற அர்த்தம் இல்ல, அரண்மனைப் பணிப்பெண். கோயிலுக்கு விளக்கு வெச்ச வகையில சில பேரோட பேரு மட்டும் கல்லுல நிக்குது. விளக்கு எரிய ஆடு விட்டிருப்பாங்க, கொஞ்சம் பொன்னு கொடுத்திருப்பாங்க. எந்த ஊர்லேர்ந்து வந்தோம், யாரை விட்டுட்டு வந்தோம்னு விளக்குச் சாசனத்துல எழுத மாட்டாங்க இல்லையா.

ஆக, அந்தப் பொண்ணுங்க கதவைச் சாத்தியிருக்கிறது ஊடல்னு நமக்குச் சொன்னது யாரு? வெளிய நிக்கிற புலவர். சாவி இருக்கிற பக்கத்து ஆளு. பரணியை நான் மட்டம் தட்டலை, அந்தச் சந்தத்துக்கு இன்னிக்கும் நான் அடிமை. ஆனா கதவுக்கு உள்பக்கம் இருந்து பாட்டு வரவே இல்லை, அவ்வளவுதான்.

கல்கிக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கு. 1944லேர்ந்து 46 வரைக்கும் தொடரா வந்த 'சிவகாமியின் சபதம்' இருக்கே, அதை எடுத்துப் பாருங்க. வாதாபியில கைதியா இருக்கிற சிவகாமி. அவ மேல பைத்தியமா இருக்கிற நாகநந்தி அடிகள், சிறை வெச்ச புலிகேசியோட சொந்த ரத்தம். மனசில்லாத காவலன்னு சொன்னா இவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. வேற யாராவது எழுதியிருந்தா அங்கேயே ஒரு காதலைப் பத்த வெச்சிருப்பாங்க. கல்கி செய்யலை. பிடிபட்ட தமிழ் ஜனங்களைச் சாட்டையால அடிக்காம இருக்கணும்னா நாற்சந்தியில ஆடுன்னு அவளை ஆட வெச்சான் பாருங்க புலிகேசி, அந்த அத்தியாயத்தைப் படிச்சவனுக்குக் காதல் நினைப்பே வராது. நாகநந்தி உருகுறது எல்லாம் நமக்கு அருவருப்பாதான் இருக்கும். கடைசியில வாதாபி எரிஞ்சு, விடுதலையாகி, காஞ்சிக்குத் திரும்பி வந்து பார்த்தா மாமல்லருக்குக் கல்யாணம் ஆகி வருஷக்கணக்காகுது. ஒன்பது வருஷம் இவ காத்திருந்ததுக்கு ஊர்ல இடமில்ல. ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போயிடுறா. சின்ன வயசுல இந்த முடிவுக்காகக் கல்கி மேல எனக்குக் கோவம் கோவமா வரும். இப்ப வர்றதில்லை.

ஆனா சிவகாமி கற்பனை. எனக்கு நிஜமா ஒரு ஆள் வேணும்னு தேடினப்பதான் ஜேம்ஸ் ஸ்கரி கிடைச்சார்.

1766ல பிறந்த ஆங்கிலேயர். சின்னப் பையனாவே கப்பல் வேலைக்கு வந்தவர். ஹனிபால்ங்கிற கப்பல்ல இருந்தப்ப பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் அந்தக் கப்பலைப் பிடிச்சார். 1782ல கடலூர்ல வெச்சு, தன்கிட்ட இருந்த சுமார் 500 ஆங்கிலேயக் கைதிகளை அப்படியே ஹைதர் அலிகிட்ட ஒப்படைச்சுட்டார். சோறு போட முடியலைன்னு காரணம் சொன்னாங்க. ஸ்கரிக்கு அப்ப பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். அங்கேர்ந்து நடை. மலையேறி பெங்களூர், பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம். கைதிகள்ல வயசு குறைஞ்ச பையன்களைத் தனியா பிரிச்சு, மதம் மாத்தி, சுன்னத் பண்ணி, காதுல வளையம் போட்டு, சேலா படையில சேர்த்தாங்க. சேலான்னா சீடன்னு அர்த்தம். அடிமைக்கு எவ்வளவு கௌரவமான பேரு பாருங்க! 1784ல மங்களூர் உடன்படிக்கை ஆனப்ப மத்த கைதிகள் நிறையப் பேர் வெளிய வந்தாங்க, இந்தப் பையன்களை விடலை.

இப்பதான் நம்ம கதைக்கு வேண்டிய விஷயம் வருது. சில வருஷம் கழிச்சு இந்தப் பையன்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. பொண்ணு எங்கேர்ந்து? ஆற்காட்டுச் சீமையிலேர்ந்து பிடிச்சுட்டுப் போன பொண்ணுங்க. 1780 ஜூலையில ஹைதர் படை செங்கம் கணவாய் வழியா கீழ இறங்கினப்ப ஊர் ஊரா கொளுத்திக்கிட்டே போனது. இன்னிக்கு ஊத்தங்கரையிலேர்ந்து சிங்காரப்பேட்டை தாண்டி திருவண்ணாமலைக்குப் பஸ் போகுதே, அந்தப் பாதைதான். ஊத்தங்கரை 2004 வரைக்கும் எங்க மாவட்டம்தான், அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் போயிடுச்சு. அந்தப் பஸ்ஸுல எத்தனையோ தடவை ஜன்னலோரம் தூங்கிக்கிட்டுப் போயிருக்கேன். அந்தப் படையெடுப்புல அள்ளிக்கிட்டுப் போன சனத்துல இருந்த பொண்ணுங்கதான் இவங்க. நம்ம பாஷை பேசின பொண்ணுங்க.

யோசிச்சுப் பாருங்க. அவனும் பிடிச்சு வந்த ஆளு, அவளும் பிடிச்சு வந்த ஆளு. அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ரெண்டு பேரும் எசமானோட பாஷையை அரைகுறையாப் பேசித்தான் குடும்பம் நடத்தியிருக்கணும். இது காதலா? கட்டாயமா? முதல்ல கட்டாயம், அப்புறம் பழக்கம், அப்புறம் பிள்ளைகுட்டி. நம்ம ஊர்ப் பாதிக் கல்யாணம் இந்த மூணு படியிலதான் ஏறுதுன்னு நீங்க சொல்லலாம், நான் மறுக்கப் போறதில்லை. ஆனா இங்க முதல் படிக்கு முன்னாடியே ஒரு ஊர் எரிஞ்சிருக்கு.

திப்புவோட மூணாவது போர் வந்தது. ஸ்கரி தப்பிச்சு ஓடினார். பத்து வருஷச் சிறை முடிஞ்சுது. மனைவி, குழந்தைகளை விட்டுட்டுத்தான் ஓடினார்.

ஊருக்குப் போனப்ப அவரால நாற்காலியில சரியா உட்கார முடியலையாம், கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியலையாம். தாய்மொழியே தடுமாறிப் போச்சு. சட்டை, கால்சராய் போட்டா உடம்பு ஏத்துக்கலை. அவங்க ஆளுங்களே பார்த்து மிரளுற அளவுக்கு நிறமும் கறுத்துப் போயிருந்தது. 1822ல செத்துப் போனார். அவர் எழுதி வெச்சது 1824ல புத்தகமா வந்தது. அவர் பட்டது நிஜமான கஷ்டம். பதினாறு வயசுப் பையனுக்கு நடக்கக் கூடாதது எல்லாம் நடந்திருக்கு. தப்பிச்சு ஓடினதும் தப்புன்னு நான் சொல்லமாட்டேன், அந்த இடத்துல நானும் ஓடியிருப்பேன்.

ஆனா என் மண்டையைக் குடையிறது அந்தப் பொண்ணு. ஒருநாள் காலையில எழுந்து பார்க்கிறா, ஆள் இல்ல. ஓடிப்போன சேலாவோட பொண்டாட்டின்னா அரண்மனைக் காவல் சும்மா விட்டிருக்குமா? ஆற்காட்டுச் சீமைக்கு நடந்து போனாலும் அங்க யாரு இருக்கா? இருந்தாலும், ஒரு வெள்ளைக்காரனுக்குப் பெத்த புள்ளைங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றவளை எந்த வீட்டுத் திண்ணையில உட்கார வெச்சிருப்பாங்க? சிவகாமிக்காவது ஏகாம்பரநாதர் இருந்தார். அவனுக்கு விடுதலை கிடைச்ச அதே ராத்திரிதான் இவளுக்கு ரெண்டாவது சிறை. ஸ்கரிக்குப் புத்தகம் கிடைச்சுது. வாசகர்கள் கிடைச்சாங்க. இன்னிக்கு, 200 வருஷம் கழிச்சு, தர்மபுரியில ஒருத்தன் உட்கார்ந்து அவர் பேரை எழுதிக்கிட்டிருக்கான்.

இந்த எடத்துல யாராவது 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்'னு ஆரம்பிப்பாங்க, அதனால முந்திக்கிறேன். எங்க பக்கத்துல இந்த வார்த்தை பிரபலமானதே வீரப்பன் புண்ணியத்துல. 2000ல கன்னட நடிகர் ராஜ்குமாரை 108 நாள் காட்டுல வெச்சிருந்தப்ப டீக்கடையில கூட இதைப் பேசினாங்க. அந்தப் பேர் வந்த கதை தெரியுமா? 1973 ஆகஸ்ட்ல ஸ்டாக்ஹோம்ல ஒரு பேங்க்குக்குள்ள கொள்ளைக்காரன் புகுந்து ஊழியர்களைப் பிணையா பிடிச்சு வெச்சான். ஆறு நாள். அதுல கிறிஸ்டின் என்மார்க்னு ஒரு இளம்பெண், உள்ளேர்ந்து பிரதமர் ஓலோஃப் பால்மேகிட்டவே போன்ல பேசினா. போலீஸ் உள்ள பாய்ஞ்சா நாங்க செத்துடுவோம், எங்களை அவங்களோட வெளிய போக விடுங்கன்னா. அவளுக்குத் திருடனை விட போலீஸ் மேல பயம் அதிகம். நியாயமான கணக்குதான். ஆனா போலீஸுக்கு ஆலோசகரா இருந்த நில்ஸ் பெயெரோட்ங்கிற மனநல மருத்துவர் இதுக்கு ஒரு வியாதிப் பேரு வெச்சுட்டார், அவகிட்ட ஒரு வார்த்தை உட்கார்ந்து பேசாமலே. கைதிக்குக் காவலன் மேல பாசம்னு உலகமே அதைப் பிடிச்சுக்கிச்சு. இங்கேயும் கதவுக்கு வெளிய இருந்துதான் பாட்டு.

சரி, கதவுக்கு உள்ளேர்ந்து குரல் வந்ததே இல்லையா? வந்திருக்கு. அதுக்கு நான் ஸ்டாக்ஹோமும் ஸ்ரீரங்கப்பட்டணமும் போக வேண்டாம். அரூர் பக்கம் போனா போதும்.

வாச்சாத்தி. சித்தேரி மலை அடிவாரத்துல மலையாளிப் பழங்குடி ஜனங்க வாழ்ற ஊர். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள இறங்கினாங்க. வீடுகளை இடிச்சாங்க, தானியத்தைக் கொட்டினாங்க, கிணத்தை நாசம் பண்ணினாங்க. 18 பெண்களைப் பாலியல் பலாத்காரம் பண்ணினாங்க, அதுல 13 வயசுப் பொண்ணும் உண்டு. அப்புறம் ஊர்ப் பெண்களை அரூர் வனத்துறை ஆபீஸ்ல ராத்திரி முழுக்க வெச்சிருந்து, சேலம் ஜெயிலுக்கு அனுப்பினாங்க. கைக்குழந்தைகளோட.

அந்தப் பெண்கள் பேசினாங்க. யாரும் நம்பாத காலத்திலிருந்து பேசினாங்க. சிபிஐ விசாரணை வர்றதுக்கே 1995 ஆச்சு. குற்றஞ்சாட்டப்பட்டவங்க 269 பேர், அத்தனை பேரும் சர்க்கார் ஆளுங்க. 2011 செப்டம்பர் 29 அன்னிக்கு எங்க தர்மபுரி கோர்ட்டுல தீர்ப்பு. அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள்னு சொல்லியாச்சு. அவங்க மேல்முறையீடு போனாங்க. 2023 மார்ச்ல உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் நேர்ல வாச்சாத்திக்கே வந்து பார்த்தார். அதே 2023 செப்டம்பர் 29ல தீர்ப்பை உறுதி பண்ணி, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதுல பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகள்கிட்ட வசூல் பண்ணணும்னு உத்தரவு போட்டார். 31 வருஷம். 1992ல இடுப்புல இருந்த குழந்தைக்கு இப்ப குழந்தை இருக்கும்.

அந்த 269 பேர்ல மனசில்லாம போனவன் ஒருத்தன் கூடவா இருந்திருக்க மாட்டான்? இருந்திருப்பான். 'மேலதிகாரி உத்தரவு, என்ன பண்றது'ன்னு உள்ளுக்குள்ள புழுங்கினவன் ஒருத்தனாவது இருந்திருப்பான். அந்த ராத்திரி அரூர் ஆபீஸ் வாசல்ல நின்னவன் உள்ள இருந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குப் போய்த் தூங்காம கூட இருந்திருக்கலாம். அதனால உள்ள இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு? அவனை வெச்சுக் கதை எழுதினா அவன் மனப்போராட்டத்தை நான் பத்துப் பக்கம் எழுதுவேன், நீங்களும் ரசிச்சுப் படிப்பீங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு. கைதி, காவலன், ரொமான்ஸ்னு தர்மபுரி மாவட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு எழுதுறவனுக்கு அரூர் பஸ் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குதுங்க.

அதுக்காகக் கதையைத் தூக்கிப் பரண்ல போட்டுடலாமான்னா, அதுக்கும் மனசு வரலை. சிறைக்குள்ள காதலே முளைக்காதுன்னு சொல்றதும் பொய்யாத்தான் இருக்கும். ஸ்கரி வீட்டுல ஒரு நாளாவது அந்த ரெண்டு பேரும் எதுக்காகவாவது சிரிச்சிருப்பாங்க. புள்ளைக்கு முதல் பல்லு முளைச்சப்ப ரெண்டு பேரும் ஒண்ணா குனிஞ்சு பார்த்திருப்பாங்க. அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டா அவளுக்கு மிச்சம் என்ன இருக்கு?

அதனால கதையை மாத்திக்கிட்டிருக்கேன். கில்லேதாரோட தங்கச்சி போயாச்சு. இப்ப இருக்கிறவ செங்கம் பக்கத்து ஊர்க்காரி, 1780ல அவளுக்கு எட்டு வயசு, படையோட போன மாட்டு வண்டியில வந்தவ. பென்னாகரம் கோட்டையில கேழ்வரகு அரைக்கிறதும் கைதிக்குக் களி கொண்டு போறதும் வேலை. சாவி அவகிட்ட கிடையாது. களி கொண்டு போற நேரத்துக்கு மட்டும் காவக்காரன் கொடுப்பான், திரும்ப வாங்கி வெச்சுக்குவான். அந்த நேரம் எவ்வளவு? ஒரு உருண்டை களி திங்கிற நேரம். அதுக்குள்ள என்னென்ன நினைக்கலாமோ அதுதான் முதல் பகுதி. வீட்டம்மா கேட்ட 'ஏன் திறந்து விடல'ங்கிற கேள்வியை அவளே அவளைக் கேட்டுக்கிறா. திறந்தா அவன் போயிடுவான், இவ சாவணும். திறக்கலைன்னா இருக்கிறதுலேயே பேச்சுத் துணைக்கு ஒரு ஆள். இவளுக்குள்ள இருக்கிற இந்த ரெண்டாவது கணக்கை மறைக்காம எழுதணும். அவளைத் தெய்வமாக்கிட்டா அதுவும் பரணிப் பாட்டு மாதிரிதான் ஆகும்.

அக்டோபர் 31 வருது, கோட்டை விழுது. அவன் வெளிய வர்றான், அவன் ஆளுங்க அவனைத் தோள்ல தட்டுறாங்க, அவனுக்கு அவங்க பேசுறது பாதி புரியலை. அவன் திரும்பிப் பார்க்கிறானா? பார்ப்பான்னுதான் வெச்சிருக்கேன். ஆனா கதை அவனோட கப்பல் ஏறாது, இங்கேயே நின்னுடும்.

1792ல பாரமகால் கும்பினி கைக்குப் போகுது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ தாமஸ் மன்றோவும் வர்றாங்க. மன்றோ தர்மபுரியிலேயே தங்கி, வயல் வயலா அளந்து, ஒவ்வொரு குடியானவனுக்கும் தனித்தனிக் கணக்கு போட்ட காலம் அது. எந்த வயல் யாரோடது, எவ்வளவு தீர்வைன்னு எல்லாம் ஏட்டுல ஏறுது. என் கதையில அந்தக் கணக்கெழுதுற ஆள் பென்னாகரத்துக்கு வர்றான். கோட்டைச் சுவரோரம் ஒரு குடிசை, ஒரு பொம்பளை, பூனைக்கண்ணோட ஒரு புள்ளை. 'யாரு வீடு இது?'ன்னு கேக்கிறான். அவ என்ன பேர் சொல்றாங்கிறதுதான் கடைசி அத்தியாயம்.

அங்கதான் இப்ப நிக்கிறேன். 1770, 80கள்ல செங்கம், ஆரணி, போளூர் பக்கத்துச் சாதாரணக் குடும்பங்கள்ல பொண்ணுங்களுக்கு என்ன பேர் வெப்பாங்க? சாண்டில்யன் கதையில வர்ற மாதிரி மஞ்சளழகி, இன்பவல்லி எல்லாம் வேண்டாம். உங்க வீட்டுப் பெரியவங்க வழியா, பழைய பத்திரம், ஓலை, குலசாமி கும்பிடுறப்ப சொல்ற முப்பாட்டி பேருன்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க. எங்க குடும்பத்துல விசாரிச்சேன். ஆம்பளைங்க பேரு ஏழு தலைமுறைக்குச் சொல்றாங்க. பொம்பளைங்க பேரு எங்க ஆயாவோட ஆயாவோட நின்னு போச்சு. அவங்க பேரு பச்சையம்மா. வேற யாரும் வேற பேர் சொல்லலைன்னா அதையே வெச்சுக்கலாம்னு இருக்கேன்.